ஓடைப்பட்டி இறாலும் நான் வைத்த மோட்டாரும்

நான் வேலை பார்த்த இறால் பண்ணைக்குப் புதுக் கருவி ஒன்று வந்திருக்கிறது. பேனா மாதிரி நீளமாக இருக்கும். தொட்டித் தண்ணீரில் தொங்கவிட்டால் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று நம் போனுக்கே சொல்லிவிடும், குறைந்தால் ஊளையிடும். போன மாதம் அதைப் பார்ப்பதற்கென்றே பழனிசெட்டிபட்டிக்குப் போயிருந்தேன். ஓய்வு பெற்றவன் பழைய வேலையிடத்துக்குப் போனால் ஒரு நாற்காலியும் ஒரு டீயும் கிடைக்கும். எனக்கு ஊளைச் சத்தமும் சேர்ந்து கிடைத்தது.

அங்கே இப்போது தொட்டிகளைப் பார்த்துக்கொள்பவர் சிந்து. கெட்டிக்காரப் பெண். டீயைக் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"அண்ணே, இந்த மீட்டரெல்லாம் இல்லாதப்ப ஆக்சிஜன் கொறையுதுன்னு எப்படிக் கண்டுபிடிச்சீக?"

"இறாலைப் பாத்துத்தான்."

"தப்பாப் பாத்ததே இல்லையா?"

வாய் ஓயாத எனக்கு அப்போது பார்த்து டீ குடிக்கவே நேரம் சரியாக இருந்தது. சிந்து விடவில்லை. "அப்ப ஏதோ இருக்கு. எழுதிக் குடுங்கண்ணே, நாங்க எல்லாரும் படிப்போம்" என்றார். எழுதிவிட்டேன். நான் கெட்டிக்காரனாக வருகிற பகுதி முன்னால் இருக்கிறது. அதை மட்டும் படித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறவர்களுக்கு என் நன்றி.

பண்ணையில் சேருவதற்கு முன்னால் நான் தேனியில் பஞ்சர் கடை வைத்திருந்தேன். ட்யூப் இல்லாத டயர் வந்த பிறகு கடையில் நானும் கம்ப்ரசரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்தச் சமயத்தில், காற்று மோட்டார் பழுது பார்க்க ஆள் வேண்டும் என்று பண்ணையில் கூப்பிட்டார்கள். டயருக்குக் காற்று அடித்தவன் தண்ணீருக்குக் காற்று அடிக்கப் போய்விட்டான் என்று எங்கள் தெருவில் சிரித்தார்கள். செல்வராசு என்ற பெயர் அன்றோடு 'காத்து செல்வராசு' ஆனது.

பண்ணையில் வளர்த்தது குழம்புக்கான இறால் இல்லை. கண்ணாடித் தொட்டியில் அழகுக்கு விடுகிற குட்டி இறால். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று நிறம் நிறமாக இருக்கும். நன்றாக வளர்ந்ததுகூட ஒரு பட்டாணியை இழுத்து நீட்டினால் எவ்வளவோ அவ்வளவுதான். வருகிறவர்களில் பாதிப் பேர், "தொக்கு வைக்க எத்தனை வேணும்?" என்று கேட்பார்கள். ஒரு தட்டுத் தொக்குக்கு முழுப் பண்ணையையும் அள்ள வேண்டியிருக்கும் என்று சொன்னால் ஏமாற்றமாகப் பார்ப்பார்கள்.

முதல் இரண்டு வருடத்தை இரண்டே வரியில் முடித்துவிடலாம். தொட்டி கழுவினேன். கழுவிய தொட்டியை மேடம் பார்த்த பிறகு மறுபடியும் கழுவினேன்.

மேடம் என்றால் ஜெயமேரி மேடம், பண்ணைப் பொறுப்பாளர். கம்பம் பக்கத்துக் கிராமத்தில் வாத்தியார் வீட்டில் பிறந்தவர், மீன்வளம் படித்தவர். என்னைவிட எட்டு வயது இளையவர். நான் வேலை பார்த்த காலம் முழுவதும் அவர் ஒரு தடவைகூடச் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைப்பார். துடைப்பது நீள நீளக் கோபம் பெரிது என்று நாங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

அவரிடம் இரண்டு சட்டங்கள் இருந்தன. ஒரு தொட்டியில் ஏதோ சரியில்லை என்றால், முதலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் சும்மா நின்று பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் எதையும் தொடலாம். கேட்பதற்குச் சுலபம். ஒரு பஞ்சர் கடைக்காரனைக் கையைக் கட்டி நிற்கச் சொன்னால் அவனுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இன்னொன்று நோட்டு. தேதி, தொட்டி, என்ன செய்தாய், எதற்குச் செய்தாய். அந்த 'எதற்கு' கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டுப் போனால் மறுநாள் காலையில் கண்ணாடி கழன்றுவிடும்.

முதல் வாரத்தில், நல்ல காரியம் செய்கிறோம் என்ற நினைப்பில், ஒரு தொட்டியின் காற்றுத் திருகை முழுசாகத் திறந்துவிட்டேன். காற்று உயிருக்கு நல்லது, நிறையக் காற்று நிறைய நல்லது என்பது என் கணக்கு. உள்ளே இறால்கள் மிக்ஸியில் போட்ட மாதிரி சுற்றின. மேடம் வந்து பார்த்தார்.

"செல்வராசு, இதுக எங்க போகணும்னு இம்புட்டு அவசரம்?"

திருகைப் பாதிக்கு மேல் மூடிவிட்டு, தண்ணீரின் மேல்பரப்பைக் காட்டினார். "குமிழிதான் ஆக்சிஜனைக் கரைக்குதுன்னு நெனைக்கிறீக. அது கொஞ்சம்தான். குமிழி மேல வந்து ஒடையும்போது தண்ணியோட மேல்பக்கம் கலங்குதுல்ல, அங்கனதான் தண்ணி மூச்சு வாங்குது. லேசா நெளிஞ்சாலே போதும்." இவ்வளவுதான் அவர் எனக்கு நடத்திய பாடம். இதற்கு மேல் தெரிந்துகொண்டதெல்லாம் இறால்களும் வாடிக்கையாளர்களும் கற்றுக்கொடுத்தது.

பார்சல் கட்டுவதிலும் என் பழைய தொழில் மூக்கை நுழைத்தது. பாலித்தீன் பையில் கொஞ்சம் தண்ணீர், இறால்கள் பிடித்துக்கொள்ள ஒரு துண்டுப் பாசி, மீதி இடம் முழுக்க சிலிண்டரிலிருந்து ஆக்சிஜன் என்று நிரப்பி, வாயை முறுக்கி ரப்பர் போடுவோம். அப்படிக் கட்டினால் நாள் கணக்கில் தாங்கும். நான் கட்டிய பைகள் டயர் மாதிரி கின்னென்று இருக்கும். விரலால் தட்டிப் பார்த்துக்கொள்வேன், அதில் எனக்கு ஒரு திருப்தி. ஒருநாள் குமுளிக்கு நான்கு பை கட்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். மத்தியானம் கண்டக்டர் போனில் கூப்பிட்டார்.

"யோவ், என்னய்யா அனுப்பிச்ச? மலையேறி நாலாவது வளைவுல டப்புன்னு வெடிக்குது. ஒரு சேச்சி பயந்து போயி சீட்டுக்கு அடியில உக்காந்துட்டாக."

மலை ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், உள்ளே இருப்பது விரியும். இந்தப் பள்ளத்தாக்கில் கின்னென்று கட்டிய பை மேலே போனால் தாங்காது. ஒன்று வெடித்தது. மற்ற மூன்றும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன என்றாலும், குமுளிக்காரர் அவற்றைப் பயந்து பயந்துதான் பிரித்தாராம். அதற்குப் பிறகு மலைக்குப் போகிற பை என்றால் நான்கு விரல் தளர்வு விட்டுக் கட்டினேன். எங்கள் பண்ணையில் இன்றைக்கும் அதற்குச் 'செல்வராசு தளர்ச்சி' என்றுதான் பெயர். மேடம் வைத்த பெயர்தான்.

என்னைத் தலைகால் தெரியாமல் ஆக்கியது தேனியில் ஒரு பல் மருத்துவமனைத் தொட்டி. வலியோடு காத்திருப்பவர்கள் பார்த்து ஆறுதல் அடையட்டும் என்று வரவேற்பறையில் பெரிய தொட்டி, நிறையச் செடிகள், நடுவில் சிவப்பு இறால்கள். காலையில் கதவைத் திறந்தால் நாலைந்து செத்துக் கிடக்கும். பகலில் ஒன்றும் ஆகாது. பல பேர் வந்து உணவை மாற்றினார்கள், மண்ணை மாற்றினார்கள். நான் போய், விடிந்ததும் பெருக்க வருகிற அம்மாவோடு சேர்ந்து உள்ளே நுழைந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். இறால்கள் எல்லாம் தண்ணீருக்கு மேலே வந்து கண்ணாடி ஓரத்தில் அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. விளக்கைப் போட்டு ஒரு மணி நேரத்துக்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

விஷயம் இதுதான். வெளிச்சம் இருக்கும்போது செடி ஆக்சிஜனைக் கொடுக்கும். விளக்கை அணைத்தால் அதே செடி இறாலோடு போட்டி போட்டுக்கொண்டு அதை எடுத்துக்கொள்ளும். தொட்டியில் ஒட்டியிருக்கிற நல்ல கிருமிகளுக்கும் பங்கு வேண்டும், மீந்துபோன தீனி அழுகுவதற்கும் வேண்டும். விடியும்போது பானை காலி. போதாததற்கு அங்கே தண்ணீரின் மேல் பால் ஆடை மாதிரி ஒரு படலம் வேறு. நான் பில்டரின் வாயைக் கொஞ்சம் தூக்கி வைத்தேன். மேல்பரப்பு நெளிந்து படலம் கலைந்தது. மறுநாள் விடியலில் இறால்கள் எல்லாம் கீழே பாசியை மேய்ந்துகொண்டிருந்தன.

"நான் எதையாவது புடுங்கித்தான் வலிய நிறுத்துவேன். நீங்க எதையும் புடுங்காமலே நிறுத்திட்டீங்களே" என்றார் டாக்டர்.

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு பல வருடம் ஓட்டினேன். பெரியகுளத்தில் ஒரு வீடு, போடியில் ஒரு பள்ளிக்கூடம், சின்னமனூரில் ஒரு ஜவுளிக்கடை என்று போகிற இடமெல்லாம், இறால் மேலே வந்திருந்தால் ஆக்சிஜன் குறைவு என்றேன். பெரும்பாலும் சரியாகவே இருந்தது. சரியாக இருந்ததுதான் வினை. கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற பத்து நிமிடம் ஐந்தானது, ஐந்து இரண்டானது, பிறகு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எனக்கு விடை தெரிந்திருந்தது.

அந்த நிலைமையில்தான் ஓடைப்பட்டிக்குப் போனேன்.

கௌசல்யா திராட்சைத் தோட்டக்காரர் வீட்டு மருமகள். எங்கள் பண்ணையிலிருந்து கொஞ்சம் நீல இறால் வாங்கிப் போய், வீட்டுப் பின்னறையில் ஆறு தொட்டி வைத்து வளர்த்தார். ஒவ்வொரு ஈற்றிலும் நிறம் வெளுத்ததைத் தனியாகப் பிரித்து, அடர்ந்த நீலத்தை மட்டும் சேர்த்து வைத்து, இரண்டு வருடத்துக்கு மேல் பொறுமையாகச் செய்தார். கடைசியில் உடம்பில் எங்கேயும் கண்ணாடி மாதிரி வெளுத்த திட்டு இல்லாமல், மை பாட்டிலில் முக்கி எடுத்த மாதிரி ஒரு நீலம் வந்தது. எங்கள் பண்ணையில் அது கிடையாது. மேடமே ஓடைப்பட்டிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "கௌசல்யா நீலம்" என்று நோட்டில் எழுதினார்.

அந்தப் பின்னறையில் அதற்கு முன்னால் மாமனார் தங்கவேலு திராட்சைப் பழம் ஏற்றுகிற கிரேட்டுகளை அடுக்கி வைத்திருந்தார். மருமகள் கேட்டாள் என்று பாதி அறையைக் கொடுத்திருந்தார். மனம் வந்து கொடுத்தது என்று சொல்ல முடியாது. "வர்ற அறுவடைக்குள்ள உருப்படியா எதாச்சும் ஆச்சுன்னாச் சரி. இல்லேன்னா மறுபடி கிரேட்டு அடுக்கிருவேன், பாத்துக்க ஆத்தா" என்று சொல்லியிருந்தார்.

ஒருநாள் கௌசல்யா போன் செய்தார். "அண்ணே, ரெண்டு மூணு செத்துச் செத்துப் போகுது. காலைல நல்லாத்தான் மேயுது. மத்தியானத்துக்கு மேலதான் இப்படி."

போனேன். வெயில் காலம். தகரக் கூரை. அறையில் கிரேட்டும் பழைய சாக்குமாக அடைசல். ஏழெட்டு இறால்கள் தண்ணீருக்கு மேலே, காற்றுக் குழாயைப் பிடித்துக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தன. நான் கையைக் கட்டவே இல்லை.

"ஆக்சிஜன் பத்தலம்மா."

"காலைல நல்லா இருக்கேண்ணே?"

"வெயில் ஏற ஏறத் தண்ணி சூடாகும். சூடான தண்ணில ஆக்சிஜன் நிக்காது."

நான் சொன்னது பொய் இல்லை. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். அதனால்தான் அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

பெரிய மோட்டார் ஒன்று வைத்தேன். எங்கள் தொழிலில் காற்று மோட்டாரைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலேதான் வைப்போம். கரண்ட் போனால் குழாய் வழியாகத் தண்ணீர் திரும்பி வந்து மோட்டாரை நனைத்துவிடும். உயரமான இடம் தேடியபோது ஜன்னல் கண்ணில் பட்டது. உள்பக்கம் வைத்திருக்கலாம். நான் ஒரு படி மேலே போனேன். அறைக்குள் இருப்பது அடைசல் காற்று, வெளியே தோட்டத்துக் காற்று என்று, ஜன்னலின் வெளித்திட்டில் வைத்து, மழைக்கு ஒரு மூடியும் போட்டேன். திட்டுக்குக் கீழே இரண்டு முழத்தில் திராட்சைப் பந்தல் ஆரம்பிக்கிறது. பச்சைப் பசேலென்று கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

"இனிமே ஒங்க இறாலு தோட்டத்துக் காத்து வாங்கும் பாருங்க" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன். நோட்டில் 'எதற்கு' கட்டத்தில் 'ஆக்சிஜன் குறைவு' என்று எழுதினேன்.

ஐந்தாம் நாள் ஒரே மத்தியானத்தில் இரண்டு தொட்டி முழுசாகப் போய்விட்டது. கௌசல்யா போனில் அழுதார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? மோட்டாரின் வேகத்தைக் கூட்டி வைக்கச் சொன்னேன். கூட்டினார். அடுத்த வாரம் இன்னும் மூன்று தொட்டி. ஆறில் ஐந்து போய், அந்த நீலம் இந்த உலகத்தில் ஒரே ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் மட்டும் மிஞ்சியது.

மேடத்திடம் போய் நின்றேன். கண்ணாடி கழன்றது. துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எத்தனை மணிக்குச் சாகுது?"

"மத்தியானம் மேடம்."

"தெனமுமா?"

"இல்ல, சில நாள் மட்டும்."

"எந்தெந்த நாளு?"

அதைக் கேட்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

"ஆக்சிஜன் கொறைச்சல்னா விடியக்காலம் சாகணும். தெனமும் சாகணும். இது வேற ஏதோ. நாளைக்குப் போங்க. கையைக் கட்டிட்டு நில்லுங்க. எதையும் தொடாதீக" என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொள்ளாமலே உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கெல்லாம் அந்தத் தொட்டிக்கு முன்னால் நின்றேன். மிஞ்சிய இறால்கள் ஒன்றுமே நடக்காதது போலப் பாசியைக் கிள்ளிக் கிள்ளித் தின்றுகொண்டிருந்தன. பக்கத்தில் கௌசல்யா. அரை மணி நேரம் போனது. கால் கடுத்தது. அப்போது வெளியே பந்தலுக்குள் மோட்டார் ஒன்று உறுமியது. தங்கவேலு முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, ஹோஸைப் பிடித்துத் திராட்சைக்கு மருந்து அடிக்க ஆரம்பித்திருந்தார். திராட்சை வைத்திருக்கிறவர்கள் வாரத்தில் இரண்டு நாளாவது அடிப்பார்கள். எங்கள் பக்கத்தில் அது சாம்பார் கொதிக்கிற வாசனை மாதிரி, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நானும் முதலில் திரும்பவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஒரு இறால் பாசியை விட்டுவிட்டுக் கிளம்பியது. பிறகு இன்னொன்று. மேலே ஏறின, சுற்றின, கண்ணாடியில் முட்டின. மூச்சுக்குத் தவிக்கிற இறால் மேலே வந்து ஓரமாகச் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். பல் டாக்டரின் தொட்டியில் அதைத்தான் பார்த்தேன். இவை சும்மா இல்லை. ஒன்று மல்லாக்க விழுந்து எல்லாக் காலையும் உதறியது. இதே கூத்தை முதல் நாளே பார்த்தவன் நான். ஏறுவதை மட்டும் பார்த்துவிட்டு, ஏறிய பிறகு என்ன செய்கிறது என்று பார்க்காமல் விட்டிருக்கிறேன்.

தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தேன். பந்தலிலிருந்து புகை மாதிரி மருந்துச் சாரல் எழும்பி வந்து, வெளித்திட்டில் என் மோட்டாரைச் சுற்றி நின்றது. அந்த மோட்டார் அடியில் இருக்கிற ஓட்டை வழியாகக் காற்றை இழுத்து, குழாய் வழியாக நேராகத் தொட்டிக்குள் ஊதிக்கொண்டிருந்தது. வேகத்தைக் கூட்டச் சொன்னவனும் நான்தான்.

கட்டியிருந்த கை தானாக அவிழ்ந்தது. பிளக்கைப் பிடுங்கினேன்.

"அண்ணே, காத்தை நிறுத்திட்டீகளே" என்று பதறினார் கௌசல்யா.

"மருந்துக் காத்து உள்ள வருதும்மா. ஜன்னலைச் சாத்துங்க, சீக்கிரம்."

மோட்டாரை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தேன். காற்றை வடிகட்ட அடியில் ஒட்டியிருக்கிற கம்பளித் துண்டு மஞ்சளாக, மருந்து நாற்றத்தோடு இருந்தது. அதை அவர் பார்ப்பதற்கு முன் பையில் போட்டுக்கொண்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கு அப்போதே தெரியும்.

சமையலறை வீட்டின் முன்பக்கம், பந்தலுக்கு எட்டாத இடம். அங்கே கௌசல்யா இறாலுக்கென்று ஒரு டிரம்மில் தண்ணீர் பிடித்து மூடி வைத்திருந்தார். இறால்களை அங்கே மாற்றிவிடலாம் என்றதும் பெரிய செம்பு அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். செம்பு இறாலுக்கு விஷம், அதைத் திருப்பி அனுப்பிவிட்டு அகலமான பிளாஸ்டிக் டப்பு கேட்டு வாங்கினேன். அகலமாக இருந்தால் தண்ணீருக்கு மேல்பரப்பு அதிகம், ஆக்சிஜன் கூடச் சேரும். பழைய மோட்டார், பழைய குழாய், பழைய ஸ்பாஞ்சு எல்லாம் மருந்தில் ஊறியவை, எதையும் போட முடியாது. கையில் மிஞ்சியது ஒரு பிளாஸ்டிக் மக்கு. டப்பிலிருந்து முகந்து, ஒரு சாண் உயரத்திலிருந்து, ஓரத்தில் வழிகிற மாதிரி மெதுவாக ஊற்ற வேண்டும். முகந்து ஊற்று, முகந்து ஊற்று, அவ்வளவுதான் அன்றைய வைத்தியம். இடையிடையே பாதித் தண்ணீரை மாற்றினோம்.

சத்தம் கேட்டுத் தங்கவேலு வந்தார். துண்டை இறக்கிவிட்டு வாசல்படியில் நின்றார்.

"என்னத்தா, மிச்சம் இருந்ததும் போச்சா?"

"மாமா, நீங்க அடிக்கிற மருந்து உள்ள வந்துதான் எல்லாம் செத்திருக்கு."

அறை திரும்பக் கிடைக்கும் என்று அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான். "என் மருந்தா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, மக்கை வாங்கக் கையை நீட்டினார்.

"ஐயா, கை வைக்காதீக. ஒங்க மேலெல்லாம் மருந்து. நல்லா சோப்புப் போட்டுக் குளிச்சிட்டு வாங்க."

"இம்புட்டு வருசமா மருந்தடிக்கிறேன். இத்தினிக்கூண்டு பூச்சிக்காக என்னையக் குளிச்சிட்டு வரச் சொன்ன மொத ஆளு நீருதான்யா" என்று முனகிக்கொண்டே போனார். வெளுத்த வேட்டியோடு திரும்பி வந்து, ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, மருமகள் கையிலிருந்த மக்கை வாங்கிக்கொண்டார்.

"எம்புட்டு நேரம் ஊத்தணும்?"

"பொழுது சாய்ற வரைக்கும்."

"சரி. மிச்சத் தோட்டத்தை நாளைக்குப் பாத்துக்கிறலாம்" என்றார். மூன்று பேரும் மாற்றி மாற்றி ஊற்றினோம். சாயங்காலம் எண்ணிப் பார்த்தபோது உயிரோடு இருந்தவை பத்தொன்பது. கௌசல்யா மூன்று தடவை எண்ணினார்.

மறுநாளே எல்லாவற்றையும் புதிதாக மாற்றினேன். மோட்டாரைச் சமையலறையில் வைத்து நீளமான குழாய் இழுத்தேன். தங்கவேலு ஜன்னல் இடுக்கெல்லாம் பூசி அடைத்தார். மருந்து அடிக்கிற நாளில் முதலில் மருமகளிடம் சொல்லிவிட்டுத்தான் பந்தலுக்குள் போவது என்று அவராகவே வைத்துக்கொண்டார். மாலையில் நான் கிளம்பும்போது என் பைக்கில் ஒரு பெட்டி திராட்சையைக் கட்டிவிட்டார். டீக்கடையில் நாலு பேர் முன்னால், "எங்க வீட்டு இறாலைக் காப்பாத்துன மனுசன் இவருதான்" என்று என்னைக் காட்டினார். நான் சிரித்து வைத்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கூசுகிறது.

பண்ணையில் நோட்டைத் திறந்து 'எதற்கு' கட்டத்தில் 'பூச்சிமருந்து' என்று எழுதினேன். மேடம் படித்தார்.

"மருந்து தொட்டிக்குள்ள எப்படிப் போச்சு?"

"மோட்டார் வழியா."

"மோட்டாரை யாரு அங்கன வச்சது?"

நான் நோட்டை மூடப் போனேன்.

"கட்டத்துல இன்னும் எடம் இருக்கு செல்வராசு" என்று பேனாவை நீட்டினார். 'நான் வெளியில் வைத்த மோட்டார்' என்று எழுதினேன். கையெழுத்து கோணலாக வந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"இதை அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டீகளா?"

"ரெண்டு நாள்ல போய்ச் சொல்லிர்றேன் மேடம்."

ஒரு மாதம் ஆனது. போகாமல் இருப்பதற்கு எனக்குக் கிடைத்த காரணங்களை எழுதினால் இந்தக் கட்டுரை இன்னொரு மடங்காகிவிடும். வண்டி சரியில்லை, வெயில், கல்யாணம், சாவு வீட்டுத் துஷ்டி. உண்மைக் காரணம், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கப் பயம். இரண்டு வருட உழைப்பை என் மோட்டார் ஊதித் தள்ளியிருந்தது. அதற்கு நான் ஒரு பெட்டி திராட்சை வாங்கித் தின்றிருந்தேன்.

கடைசியில் அவரே கூப்பிட்டார். "அண்ணே, ரெண்டு இறாலு முட்டை கட்டியிருக்கு. வந்து பாருங்க."

போனேன். தொட்டிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். கறுநீலப் பெண் இறால் ஒன்று வயிற்றுக்கு அடியில் கசகசா மாதிரி முட்டைகளைச் சுமந்துகொண்டு, அதற்குக் காற்று படட்டும் என்று சின்னக் கால்களால் விசிறிக்கொண்டே இருந்தது. அறையில் கிரேட் ஒன்றுகூட இல்லை. மாமனார் எல்லாவற்றையும் மாட்டுக் கொட்டகைக்கு மாற்றியிருந்தார்.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. "தங்கச்சி, ஒண்ணு சொல்லணும். மொதல்ல ஜன்னல் வழியா வந்த சாரல்ல ரெண்டு மூணுதான் செத்துச்சு. அப்பறம் தொட்டி தொட்டியாச் செத்ததுக்குக் காரணம் நான். நான் வெளிய வச்ச மோட்டாருதான் மருந்தை இழுத்து உள்ள விட்டுச்சு. கூட்டி வைங்கன்னும் நான்தான் சொன்னேன். அன்னைக்கே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்" என்றேன்.

கௌசல்யா தொட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும்ணே. அன்னைக்குப் பிளக்கைப் புடுங்குறப்ப ஒங்க மொகத்தைப் பாத்தேன். எங்க மாமாவுக்கும் தெரியும். நீங்களாச் சொல்ற வரைக்கும் யாரும் கேக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாக."